பா, கே

வெள்ளகோவில் தாண்டி இட்டேரிக்குள் திரும்பியதும்
முகப்பு விளக்கை அணைத்துவிடுவான் சென்னியப்பன்.
விடிவதைக் கெடுக்கக் கூடாதாம்.
இருபத்தொரு பங்குனியாய் இதே ஆம்னி,
பின்கதவுக்கு இதே சணல் கயிறு.

பர்வீன் மடியில் பிளாஸ்க்.
இரவுப் பணி முடித்துச் சீருடையோடே ஏறிய நவமணி
முத்தூரிலிருந்து தூங்குகிறாள், வாய் திறந்து.
நடுவில் ஒருமுறை மட்டும் "என்ன பாத்தீங்க?" என்றாள்.
"மயிலு."
மறுபடி தூங்கிப்போனாள்.
மயிலுக்கெல்லாம் இப்போது யாரும் எழுவதில்லை.

படலைத் தூக்கி நகர்த்திவிட்டுக்
கொரங்காட்டுக்குள் இறங்கினோம்.
"பாம்பு பாத்துப் போங்க. குருவியப் பாக்கவா இத்தன தூரம்?"
வருசாவருசம் இதையே கேட்கிறார் காட்டுக்காரர்.
காய்ந்த கொழுக்கட்டைப் புல் கணுக்காலைக் கீறுகிறது.
வெள்வேலத்துக்கு இன்னும் நிழல் வரவில்லை.
தெற்கே காத்தாடிகள்,
காற்று வைகாசிக்குத்தானே என்று
கைகளைப் போட்டது போட்டபடி.

பூனைப்பருந்துகள் கிளம்பிவிட்டன.
போன வாரம் நாலு இருந்தது என்றார்.
அவர் கணக்கில் வல்லூறும் சேர்த்தி.
சோளக்குருவிகள் மட்டும், புறப்படுகிற அவசரத்தில்
மார்பெல்லாம் ரோசா ஏறி,
ஒரே வேலமரத்தில் முந்நூறு.
"கல்யாணத்துக்குக் கெளம்புதுக" என்றாள் நவமணி, கொட்டாவியோடு.

எங்கள் நோட்டில் இரண்டே எழுத்து.
பார்த்தால் பா. கேட்டால் கே.
'இருந்திருக்கும்' என்பதற்கு எழுத்துக் கிடையாது.
அந்தச் சட்டம் போட்டவளே நான்தான்,
சூலூர்க் குளக்கரையில்,
ஒரு உள்ளானுக்காகச் சென்னியோடு
ஒரு மாதம் பேசாமல் இருந்து.

அப்போதுதான் அது எழும்பியது.
சாம்பல்தலை வானம்பாடி. ஆண்.
ஒரு கைப்பிடி மண் அளவு.
சிறகடித்து, சிறகடித்து மேலேறி
உச்சியில் சிறகை மூடிக்கொண்டு
கல்லாய் விழும். விழும்போது
கம்பி இழுத்தாற்போல நீளமாய் ஒரு சீழ்க்கை.
விழுந்தது.
மறுபடி ஏறி
விழுந்தது.

"இந்த வருசம் சத்தமில்லாம ஆடுது" என்றேன்.

மூன்று பேரும் தொலைநோக்கியை இறக்கவில்லை.
இறக்காமல் நின்ற விதத்தில்
தெரிந்துவிட்டது.

பர்வீனின் விரல் என் முழங்கையில் இருந்தது.
எப்போதிருந்து?
வெள்ளோட்டில் கதிர்க்குருவி, ஆனைகட்டியில் தேன்சிட்டு,
ஒவ்வொன்றுக்கும் முன்னால் இரண்டு தட்டு,
பூச்சியைத் தட்டிவிடுகிறவள் போல.
"அதோ, எடப்பக்கம்" என்று நான்தான் சொல்வேன்,
பெருமையாக வேறு.
மூன்று வருடமா? நாலா?
நோட்டில் எத்தனை கே
அவள் விரலுடையது?

"நாப்பது தறி ஓடற ஷெட்டுல கெடந்தவன் நானு,
எனக்கே கேக்குது, உனக்கென்ன கேடு?" என்றான் சென்னி.
நவமணி அவன் காலை மிதித்தாள்.
பிறகு அவளே,
"திங்கக்கெழம காது டெஸ்ட்டுக்கு டோக்கன் போட்டு வெக்கறேன், வந்துரு" என்றாள்,
எப்போதோ ஒத்திகை பார்த்துவிட்ட வேகத்தில்.

கோபப்பட முயன்றேன்.
பழைய பக்கங்களைப் புரட்டினேன்.
அடிப்பதானால் எதை அடிப்பது?
இன்றைய வரியில் பா என்று மட்டும் எழுதினேன்,
பேனா புல்லில் விழுந்து, தேடி எடுத்து.

"சரி, எப்பிடித்தான் இருக்குது? சொல்லுங்க" என்றேன்.
சென்னி உதட்டைக் குவித்து ஊதிக் காட்டினான்.
"அது ஆக்காட்டிடா" என்றேன்.
அது கேட்டது எனக்கு.

மூன்றாம் முறை அது ஏறியபோது
பர்வீன் தட்டவில்லை.
என் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டாள்.
அது சிறகை மூடிய நொடியில்
விரல்நுனியை வைத்து,
மெல்ல, அழுத்தாமல்,
மணிக்கட்டு வரைக்கும் ஒரு கோடு இழுத்தாள்.

"இவ்வளவு நீளமா?"

"இன்னும் கொஞ்சம்" என்றாள்.